டம்ளர் கழுவும் முறை

கொச்சியில், தேவராவில் பேத்தியின் மாண்டிசோரி பள்ளியில் குழந்தைகள் பாத்திரம் தேய்க்கக் குட்டித் தொட்டி கட்டியிருக்கிறார்கள். அங்கிருந்து வந்த ஈரத் தேங்காய் நாரின் வாசனை என்னை ஐம்பதுகளின் மட்டாஞ்சேரிக்கு இழுத்துப் போயிற்று. நான் படித்த, இன்று மிளகுக் கிடங்காகிவிட்ட மாண்டிசோரி பள்ளியில், பித்தான் மாட்டுவதற்கு இருந்ததுபோல, வீட்டிலிருந்து கொண்டுவரும் டம்ளர்களைக் கழுவவும் முறை உண்டு: சாம்பல், நார், பிறகு நல்ல தண்ணீர். தினம் ஒரு குழந்தை எல்லோருடையதையும் கழுவும். பிற்காலத்தில் அலுவலகத்தில் நான் கட்டிக்காத்த எந்த விதியும் அவ்வளவு ஒழுங்காக நடந்ததில்லை.

நான் ஆசையாகக் கழுவிக்கொண்டிருந்த ஒரு நாள், அப்பா சீக்கிரமே அழைத்துப் போக வந்துவிட்டார். என் கையில் இருந்தது படகுக்காரர் மகள் ரோசியின் டம்ளர்.

"கண்டவா எச்சலை அலம்பவாடா உன்னை இங்க சேர்த்தேன்?"

"ஸ்வாமி, இங்க எல்லாக் குட்டிகளும் கழுகும்," என்றார் டீச்சர், மலையாளம் கலந்த தமிழில். "நாளைக்கு ரோசியாக்கும்."

நாளையிலிருந்து இவனுக்கு வேறு பள்ளி என்றார் அப்பா. ரோசி என்னிடமிருந்து தன் டம்ளரை வாங்கித் தானே கழுவினாள்; பிறகு என்னுடையதையும் எடுத்தாள். அதை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்ததால், அவள் கழுவித் துடைத்துத் தரும்வரை அப்பா பொறுமையாகக் காத்திருந்தார்.