சமையல்காரன்ட கையில சீனி மிஷின்

சமையல் வேலையில ருசி பாக்காம ஒரு சட்டியும் இறக்கேலாது. சீனி வருத்தம் வந்த சமையல்காரன்ட பாடு, அதே வருத்தத்தோட கிடந்து மாயிற உங்களுக்குத்தான் விளங்கும்.

குசினியில கமரா

கனடாவில இருக்கிற மகள் ஒரு மிஷின் அனுப்பினா. புயத்தில ஒட்டினா, ரத்தத்தில சீனி எவ்வளவு எண்டு போனில காட்டும். கூடினாலும் குறைஞ்சாலும் போன் கத்தும். அதோட தேற்றாத்தீவில ஒரு கலியாண வீட்டுக்குச் சமைக்கப் போனன். அடுப்புச் சூட்டுக்குச் சேட்டைக் கழட்டினதுதான் தாமதம், பொம்பிளையின்ட தாய் என்ட கையையும் போனையும் மாறி மாறிப் பாத்தா. கத்தரிக்காய் கிண்டினாலும் பாத்தா, தண்ணி குடிச்சாலும் பாத்தா. கடைசியாக் கிட்ட வந்து கேட்டா: "அண்ணன், எங்கட குசினியைப் படம் பிடிச்சு ஆருக்கு அனுப்புறீங்க?"

கோள் மூட்டினது ஆர்?

அண்டைக்கே பாயாசத்தில ஒரு கரண்டி ருசி பாத்தன். சரி, ரெண்டு மூண்டு கரண்டி. போன் கத்திச்சு, அமத்தினன். கொஞ்ச நேரத்தில மகள் கோல் எடுத்து ஏசுறா! உதவிக்கு வந்த என்ட மனிசிதான் கோள் மூட்டியிருக்கா எண்டு மூஞ்சியை நீட்டிக்கொண்டு இருந்தன். மிஷின் காட்டுறது மகள்ட போனுக்கும் போகுதாம். மனிசி சிரிச்சுக்கொண்டு சொன்னா: "உங்களை நம்பாமத்தானே அவள் இதை அனுப்பினவள்."

பொங்கல் பானை

போன் கத்தினா நான் இனிப்புத் திண்டுட்டன் எண்டு ஊரெல்லாம் கதை பரவிட்டு. வவுணதீவுப் பக்கம் ஒரு அம்மன் கோயில் சடங்குக்கு வருசா வருசம் நான்தான் பொங்கல் வைக்கிற. அம்மாளுக்குப் படைக்க முதல் ஒரு பருக்கை வாயில படக்கூடாது. அதை நான் ஒரு நாளும் மீறினதில்ல. இந்த முறை விரதமும் இருந்துகொண்டு, மடையன், வழமை போல இன்சுலின் ஊசியும் போட்டுட்டுப் போனன். பானைக்குச் சர்க்கரை போடக்குள்ள போன் கத்திச்சு. எல்லாரும் கிறுகிப் பாத்தாங்க. கோயிலுக்குப் பொறுப்பான வண்ணக்கர் கிட்ட வந்து, "திண்டியா?" எண்டார்.

"இல்ல, சீனி குறைஞ்சிட்டு" எண்டன். ஆர் நம்புற? கை நடுங்குது, வேர்வை கொட்டுது. கள்ளனுக்கும் அப்பிடித்தானே நடுங்கும். கையில சர்க்கரைக் கட்டி இருக்கு. வாயில போட்டாப் பிழைப்பன், ஆனா படைக்க முதல் திண்டவன் எண்ட பேர் சாகும் வரைக்கும் போகாது. அந்த நேரம் மகள்ட கோல். வண்ணக்கர்தான் எடுத்தார். "அப்பா, உடன இனிப்புத் தின்னுங்க, விழுந்திருவீங்க!" எண்டு அவள் அழுறா. மனிசன் என்ட கையில இருந்த கட்டியைப் பறிச்சு என்ட வாயிலயே வைச்சார். எனக்கு அழுகை வந்திட்டு. நடுக்கம் நிக்கும் வரைக்கும் பக்கத்திலயே இருந்தார். பிறகு பானையை இறக்கி வைச்சிட்டுச் சொன்னார்: "நான் உன்னை நம்புறன் தம்பி, ஆனா இந்தப் பானை வேணாம், புதுசு வைப்பம், வேற ஆள் கிண்டட்டும்."

உயிர் தப்பினது பெரிய காரியம்தான், ஆனா இப்ப கோயிலடியில என்ட முகத்தைப் பாத்துக் கதைக்க ஆள் இல்ல, எல்லாரும் புயத்தைப் பாத்துத்தான் கதைக்கிறாங்க.