வண்டிக்குள்ள ஒரு மாதிரி

கட்டாரில் நாங்கள் கார் வாங்கப்போகும் செய்தியைக் ஊரில் கல்முனையிலிருந்து பாலமுனை வரைக்கும் சொல்லித் தீர்த்த வாப்பா, எங்கள் வீட்டுக்கு ஒரு பிள்ளை வரப்போகும் செய்தியை எனக்குச் சொல்லவில்லை. எனக்கு அப்போது ஏழு வயது. வீட்டில் இருந்ததே மூன்று பேர். அதில் ஒருத்திக்குத் தெரியாமல் ஒரு விஷயத்தை வைத்திருப்பது லேசுப்பட்ட வேலையல்ல. ஆனால் வைத்திருந்தார்கள்.

காரணம் இருந்தது. எனக்குப் பின்னால் உம்மாவின் வயிற்றில் ஒன்று உண்டாகித் தங்காமல் போயிருந்தது. ஊர் முழுக்கச் சொல்லி, எல்லாரும் சந்தோஷப்பட்டு, கண்ணூறு பட்டுத்தான் போனது என்று உம்மா உறுதியாக நம்பினார். ஆகவே இந்த முறை வாப்பாவையும் கல்முனையில் இருக்கும் உம்மாவின் தங்கையான சாச்சியையும் தவிர யாருக்கும் மூச்சு விடவில்லை. என்னுடையதோ ஓட்டை வாய். எங்கள் வீட்டில் முந்தின நாள் என்ன கறி என்பது என் டீச்சருக்குத் தெரியும்.

காரும் அந்தப் பிள்ளைக்காகத்தான். ஆஸ்பத்திரிக்குப் போக டாக்சி தேடி அந்த நாட்டு வெயிலில் நின்றபோது உம்மா ஒரு தரம் மயங்கிச் சரிந்துவிட்டார். அன்றைக்கே வாப்பா முடிவெடுத்துவிட்டார். ஊரில் இது யாருக்குத் தெரியும்? "போய் இன்னும் கால் ஊண்டல்ல, அதுக்குள்ள தொரைக்குக் கார் கேக்குதோ!" என்று வாப்பாவின் ராத்தா, என் மாமி, போனிலேயே நக்கலடித்தார். வாப்பா சிரித்துக்கொண்டு கேட்டிருந்தார். விழுகிற கண்ணூறு எல்லாம் காரின் மேல் விழுந்து தொலையட்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

சாச்சியும் உம்மாவும் கதைப்பதை நான் ஒட்டுக்கேட்பேன். "பாரம் கீரம் தூக்காதீங்க ராத்தா," என்பார் சாச்சி. "நல்லபடியா வந்து சேரட்டும், துஆ செய்யிறன்." நானும் துஆ செய்தேன். வெள்ளை நிறத்தில் வர வேண்டும் என்று கேட்டேன்.

கார் எடுக்கிற நாள் வியாழக்கிழமை பின்னேரம். வாப்பா வேலை முடிந்து நேரே ஷோரூமுக்குப் போயிருந்தார். பக்கத்து வீடுகளுக்குக் கொடுக்க உம்மா வட்டிலப்பம் அவித்துக்கொண்டிருந்தார். இடையில் அடுப்பை அணைத்துவிட்டு பாத்ரூமுக்குப் போனார். வெகுநேரம் வரவில்லை. கதவைத் தட்டினேன். சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தபோது அவர் முகத்தில் இரத்தமே இல்லை. எனக்குப் பயம் பிடித்துவிட்டது. வாப்பாவுக்குப் போன் எடுத்தார். வாப்பா எடுக்கவில்லை. திரும்பவும் எடுத்தார்.

"மகள், ஓடிப் போய் எதிர்வீட்டு ஆன்ட்டிய ஒருக்கா வரச் சொல்லு. உம்மாக்கு வண்டிக்குள்ள ஒரு மாதிரி எண்டு சொல்லு. கெதியாப் போ."

எங்கள் ஊரில் வண்டி என்றால் வயிறு. அளவுக்கு மிஞ்சித் தின்றால் வண்டி ஊதும். பாலமுனை மாமாவுக்கு வண்டி வைத்து, சட்டைப் பொத்தான் பூட்டேலாது. நாலு சில்லில் ஓடுவது கார். ஆனால் எதிர்வீட்டு ஆன்ட்டி மதுரைப் பக்கத்துக்காரர். அவர்களுக்கு நாலு சில்லில் ஓடுவதுதான் வண்டி. அவரோடு எத்தனையோ மாதம் கதைத்தும் இந்த வித்தியாசம் எங்களுக்குத் தட்டுப்பட்டதில்லை.

"ஆன்ட்டி, உம்மாக்கு வண்டிக்குள்ள ஒரு மாதிரியாம். உங்கள வரட்டாம்."

ஆன்ட்டியின் முகம் மலர்ந்துவிட்டது. "அட, வண்டி வந்துருச்சா! ஏன், என்னவாம்?"

"தெரியா. ஒரு மாதிரியாம்."

"புதுசுல அப்படித்தாண்டி ஒரு மாதிரி இருக்கும். எனக்கும் அப்படித்தான், தலையெல்லாம் சுத்துச்சு. போகப் போகப் பழகிரும்னு அம்மாட்ட சொல்லு. அடுப்புல குக்கர் இருக்கு, எறக்கிட்டு வந்துர்றேன்."

பிளாஸ்டிக் மணக்கும் புதுக் காரைப் பற்றித்தான் அவர் சொன்னார். நான் ஒரு சொல் பிசகாமல் கொண்டுபோய் உம்மாவிடம் சேர்த்தேன். புதுசில் அப்படித்தான் இருக்குமாம், ஆன்ட்டிக்கும் தலை சுற்றியதாம், போகப் போகப் பழகிவிடுமாம்.

உம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "அவக்கு எப்பிடித் தெரிஞ்ச?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். பிறகு முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. மூன்று பிள்ளை பெற்றவர் பழகிவிடும் என்று சொன்னால் நம்பாமல் என்ன செய்வது? சோபாவில் சாய்ந்து கால்களை மடக்கிக்கொண்டு, உதடு அசைய ஓதிக்கொண்டே இருந்தார். நெற்றியில் வியர்வை. ஏசி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நான் அவர் கையைப் பிடித்தேன். எலும்பு நோகும்படி இறுக்கினார். கத்த வேண்டும் போல இருந்தது, கத்தவில்லை.

கீழே ஹோர்ன் சத்தம். எட்டிப் பார்த்தேன். அல்ஹம்துலில்லாஹ், வெள்ளை! வாப்பா பாட்டுக்கு ஹோர்னை அமத்திக்கொண்டு, போனை உயர்த்திப் பிடித்து ஊருக்கு வீடியோவில் காரைக் காட்டிக்கொண்டிருந்தார். அதே நேரம் ஆன்ட்டி வாசலில் வந்து நின்றார். கையில் நாலு தேசிக்காய், அவர் பாஷையில் எலுமிச்சை. கண்ணூறு படாமல் புதுக் காரின் சில்லுக்குக் கீழே வைத்து நசுக்குவதற்கு.

"என்னம்மா, வண்டி கீழதானே நிக்குது..." என்று தொடங்கியவர் உம்மாவைப் பார்த்தார். சோபாவில் படிந்திருந்த சிவப்பைப் பார்த்தார். தேசிக்காய்கள் நிலத்தில் உருண்டன. "ஐயோ, என்னம்மா இது! இதையா சொல்லிவிட்ட?"

ஜன்னலைத் திறந்து ஆன்ட்டி போட்ட சத்தத்தில் வாப்பா படியேறி வந்தது எனக்குத் தெரியவில்லை. உம்மாவைத் தாங்கிக்கொண்டு இறங்கினார். முன்சீட்டைச் சாய்த்து இருத்தினார்.

"சீட் பழுதாப் போகும், ஒரு துணியப் போடுங்களன்," என்றார் உம்மா.

"சீட் நாசமாப் போகட்டும்!" வாப்பா அப்படிக் கத்தி நான் கேட்டதேயில்லை.

பெல்ட் அழுத்துவதை உம்மாவால் தாங்க முடியவில்லை, போடவில்லை. கார் விடாமல் மணியடிக்கத் தொடங்கியது. டிங், டிங், டிங். அதை எப்படி நிறுத்துவது என்று வாப்பாவுக்குத் தெரியவில்லை. புதுக் கார், புது லைசன்ஸ், வியாழக்கிழமை நெரிசல். கையில் பட்டதையெல்லாம் அமத்தினார். கண்ணாடித் துடைப்பான் ஓடியது, ரேடியோ அரபியில் கத்தியது, மணி மட்டும் நிற்கவில்லை. "யா அல்லாஹ், யா அல்லாஹ்," என்று ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் ஸ்டியரிங்கில் அடித்தார். பின்னால் என்னை மடியில் இறுக்கிக்கொண்டு ஆன்ட்டி அழுதார். "வண்டின்னு சொன்னாளே, நான் வண்டின்னுல்ல நெனச்சேன்..."

உம்மா கண்ணை மூடியபடியே, "ஓம் அக்கா," என்றார். "எங்கட ஊரில இதுதான் வண்டி." அந்த வேதனையிலும் அவர் சிரிக்கப் பார்த்தது எனக்கு இன்றைக்கும் பொறுக்காது.

ஆஸ்பத்திரியில் உம்மாவைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடியது. வாப்பாவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. குடும்பக் குழுவில் மாஷா அல்லாஹ்வும் பூக்களும் வந்து குவிந்தன. மாமி, காரின் உள்பக்கத்தையும் காட்டட்டாம் என்று குரல் செய்தி அனுப்பியிருந்தார். வாப்பா போனை அணைத்துப் பையில் போட்டுவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். உம்மாவுக்கு என்ன என்று கேட்டேன். "ஒரு சின்னக் காயம் மகள்," என்றார். கார் நல்ல கார்தானே என்று கேட்டேன். வாப்பா குனிந்து என் செருப்பு வாரைப் பூட்டிவிட்டார்.

கொஞ்சம் முந்தி வந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டொக்டர் சொன்னாராம். ஆன்ட்டி அதை நம்பவில்லை. நாங்கள் அந்த நாட்டில் இருந்த மட்டும் எங்களோடு கதைக்கும்போது அவர் கார் என்றுதான் சொன்னார்.

அடுத்த நாள் பின்னேரம் உம்மா தன் காலாலேயே நடந்து வெளியே வந்தார். அதோடு எனக்குக் கவலையெல்லாம் தீர்ந்தது. காயம் ஆறிவிட்டது, இனி எல்லாம் சரி. வாப்பா முன்சீட்டில் கறை தெரியாமல் ஒரு துவாயை விரித்திருந்தார். உம்மா முன்னால் ஏறாமல் பின்னால் என் பக்கத்தில் வந்து இருந்தார். கார் ஓடத் தொடங்கியது. வீதிக்கு வந்த பிறகு, துவாய் விரித்த சீட்டையே பார்த்துக்கொண்டிருந்த உம்மா சத்தமில்லாமல் அழுதார்.

எனக்கு விளங்கிவிட்டது. சீட் பழுதாகிவிடும் என்று நேற்றே சொன்னவர் அல்லவா? எனக்கு உம்மாமேல் அப்படியொரு இரக்கம் வந்தது.

"அழாதீங்க உம்மா," என்று அவர் கன்னத்தைத் தடவினேன். "கழுவினாப் போயிரும். போகாட்டி, வாப்பா வேற புதுசு ஒண்டு எடுத்துத் தருவார்."

வாப்பா காரை வீதியோரம் நிறுத்தினார். ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். உம்மா வாயைப் பொத்திக்கொண்டார். நான் சொன்னது அவர்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை போலும் என்று நினைத்து, இன்னும் கொஞ்சம் சத்தமாக, திரும்பவும் சொன்னேன்.