அருமை என்று சொன்னவர் டீ வாங்க வேண்டும்

சீசன் நேரத்தில் சிவகாசியில் யாரும் சாவதில்லை. கடைசி லோடு போகட்டும் என்று பொறுத்துக்கொள்வார்கள். தனுஷ்கோடி அண்ணாச்சி பொறுக்கவில்லை. தீபாவளிக்கு முந்தைய மாதம், விருதுநகரில் நான் வேலை பார்க்கும் வங்கிக்கு, லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கும் பால்பாண்டியிடமிருந்து போன் வந்தது.

"அண்ணாச்சி போயிட்டாக சார். காப்பி குடிச்சிட்டுச் சாஞ்சவுக எந்திரிக்கலை."

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அண்ணாச்சி நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனி நடத்தியவர். ஆறு நாள் சத்தம் தயாரித்துவிட்டு ஏழாம் நாள் சத்தம் கேட்பார். ஞாயிறு மதியம் அவருடைய டவுன் ஆபீசில் நாங்கள் சிலர் கூடுவோம். சென்னையில் பழைய சாமான் கடைகளில் தேடி வாங்கிய இசைத்தட்டுகளும், சிங்கப்பூரிலிருந்து மருமகன் அனுப்பும் சி.டி.க்களும் சுழலும். ஜாஸ், மேற்கத்திய செவ்வியல், இடையிடையே நாகஸ்வரம். உலகமே பட்டாசுக்கும் காலண்டருக்கும் மட்டும் நினைத்துக்கொள்ளும் ஊரில் இப்படி ஒரு சபை இருந்தது என்பதைப் பெருமையோடு பதிவு செய்கிறேன்.

முதன்முதலில் ஜாஸ் கேட்ட பால்பாண்டி கலங்கிப் போனார். "ஆளாளுக்கு ஒரு பக்கம் போறாகளே அண்ணாச்சி, லோடு எந்த ஊருக்கு?"

"மேல பாக்காதலே, கீழ கேளு. கனத்த சத்தத்துல பெரிய தந்தியை ஒருத்தன் மீட்டிக்கிட்டே நடக்கான் பாரு. வீட்டுக்கு வழி தெரிஞ்சவன் அவன் ஒருத்தன்தான். மத்தவுக தைரியமா அலையிறது அவனை நம்பித்தான்."

சபைக்கு ஒரே ஒரு சட்டம். தட்டு ஓடும்போது பேசக்கூடாது. முடிந்ததும் ஒவ்வொருவரும் கேட்டதைச் சொல்ல வேண்டும். 'அருமை' என்று சொல்லித் தப்பிக்கக் கூடாது. சொன்னவர் எழுந்து போய் எல்லாருக்கும் டீ வாங்கிவர வேண்டும். "ஏலே, அருமைங்கிறது தூங்கி எந்திரிச்சவன் சொல்றது" என்பார் அண்ணாச்சி. ஒருமுறை வந்திருந்த அரசு அதிகாரி ஒருவர் கண்களை மூடி, "அருமை, அருமை" என்றார். அண்ணாச்சி பணிவோடு, "ரெண்டு தடவை சொல்லிட்டீக. டீயோட வடையும் சேத்து வாங்கிட்டு வாங்க. எனக்குச் சர்க்கரை கம்மியா" என்றார். அதிகாரி போனார். முதலாளி ஒருவர் அதிகாரியை டீக்கு அனுப்பியது நான் அறிந்து எங்கள் மாவட்டத்தில் அந்த ஒருமுறைதான்.

பால்பாண்டிக்கு அந்தச் சட்டம் வாய் கொடுத்தது. நான்கு வயலின் வகையறாக்கள் சேர்ந்த ஒரு தட்டைக் கேட்டுவிட்டு, "நாலு பேரு ஒரே வீட்டுக்குள்ள சண்டை போடுறாக. பக்கத்து வீட்டுக்குக் கேட்டுறக் கூடாதுன்னு மெதுவாப் போடுறாக" என்றார். அண்ணாச்சி தட்டை மறுபடி வைத்தார். அவர் தந்த விருதுகளில் அதுவே பெரியது.

கம்பெனியில் வெடி டெஸ்டை அண்ணாச்சி பிறரிடம் விட்டதே இல்லை. பக்கத்தில் நின்று கேட்டால்தான் தரம் தெரியும் என்பார். அதற்கான விலையைக் காதுகள் கொடுத்தன. சன்னமான ஒலிகள் முதலில் போயின. மீதியும் போகும் என்று மதுரை டாக்டர் சொல்லிவிட்டார்.

"முதல்ல ஜால்ராச் சத்தம் நின்னு போச்சு. ஒரு முதலாளிக்கு இதைவிட நல்ல சீக்கு வாய்க்குமா?" என்று சிரித்தார். சிரித்து முடித்ததும், "அடுத்த வாரத்துலருந்து யாரும் வரவேண்டாம்" என்றார். சபை அத்தோடு முடிந்தது என்றே நினைத்தேன்.

பால்பாண்டி எழுந்திருக்கவில்லை. "நாங்க கேட்டுச் சொல்றோம் அண்ணாச்சி" என்று உரக்கக் கத்தினார்.

"என்னத்தலே சொல்லுவ?"

"அருமைன்னு மட்டும் சொல்ல மாட்டோம்."

அதன்பின் சபையின் சட்டம் தலைகீழானது. தட்டு ஓடும்போதே பேசினோம். வேடிக்கைக்குப் போட்ட விதி அத்தனை காலமும் எங்களை இந்த வேலைக்குத்தான் பழக்கியிருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

கடைசி ஞாயிறன்று, தாம் முதன்முதலில் வாங்கிய டிரம்பெட் தட்டை வைக்கச் சொன்னார். ஸ்பீக்கர் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். பால்பாண்டி அவர் காதருகே குனிந்தார்.

"டிரம்பெட்டு வாசல்ல நிக்கி அண்ணாச்சி. உள்ள வரவா, வேண்டாமான்னு யோசிக்கி."

"வந்துருச்சா?"

"இன்னும் இல்லை… இந்தா, வந்துருச்சு. செருப்பைக் கழத்திப் போட்டுட்டு வருது."

அண்ணாச்சி பெட்டியிலிருந்து கையை எடுக்கவில்லை. தட்டு முடிந்த பிறகும் எடுக்கவில்லை. பிறகு எங்களைப் பார்த்து, "அருமை" என்றார்.

அவர் எழுந்தார், செருப்பை மாட்டினார், எதிர்க்கடைக்குத் தாமே நடந்துபோய் டீ வாங்கிவந்தார்.

இரங்கல் கூட்டத்தில் பலர் அவரை 'அருமையான மனிதர்' என்றார்கள். அவர்களுக்குச் சட்டம் தெரியாது. எனக்குத் தெரியும், தெரிந்தே மீறுகிறேன். அண்ணாச்சி, அந்த ஞாயிறுகள் அருமை. இதோ, டீ வாங்கப் போகிறேன். உங்களுக்குச் சர்க்கரை கம்மியாக.