அடுப்புச் சாம்பலில் மாதப்பன் காத்த குட்டி

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் கண்டது செத்துக் கிடந்த எறும்புகள். கொட்டிலின் சாமான் அறையில், முந்தின நாள் வரை ஒரு பூனைக்குட்டியின் கூடை இருந்த இடத்தில், தரையில் வெள்ளைப் பொடி வட்டமாகச் சிந்தியிருந்தது. அந்த வட்டத்துக்குள் இறங்கிய எறும்பு ஒன்றுகூட மறுபக்கம் போய்ச் சேரவில்லை. துடைப்பத்தைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். ஒரு குடும்பத்தின் பிழைப்புக்குள் நான் விஷத்தை அனுப்பிவிட்டேன் என்பது அப்போதுதான் புரிந்தது.

மாதேஸ்வரனை, நம் மாதப்பனைக் கும்பிடுகிற உங்களுக்கு நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். அது 1996, ஐப்பசி மாதம். நான் மேட்டூர்ப் பக்கம் பிறந்தவன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. லாரி கிளீனர், கல் உடைப்பு, கிணறு வெட்டு, ஹோட்டலில் இலை எடுப்பது என்று பல வேலை பார்த்தேன். எங்கும் ஆறு மாதம் தங்கினதில்லை. ஏதாவது தப்பு நடந்தால் அன்றைக்கே பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன். யாரிடமும் சொல்லிக்கொள்ள மாட்டேன். அப்படித்தான் மைசூர் வந்து சேர்ந்தேன். ஹெப்பாள் தொழிற்பேட்டையைத் தாண்டி, அடிபட்ட மாடுகளையும் தெருநாய்களையும் வைத்துப் பார்க்கிற ஒரு கொட்டிலில் சாணி அள்ளும் வேலை கிடைத்தது.

புரட்டாசிக் கடைசியில் ஒரு ஃபேக்டரி ஆள் அந்தக் குட்டியைச் சாக்கில் போட்டுக் கொண்டுவந்தார். சாம்பல் நிறம், நெஞ்சில் மட்டும் வெள்ளை. பின்னங்கால் ஒன்று நசுங்கியிருந்தது. ஒரு காது பாதிதான் இருந்தது. புண்ணில் புழு. தினமும் நான்தான் கழுவி மருந்து வைத்தேன். கால் கோணலாகக் கூடியது. புண் ஆறியது. பயம் மட்டும் ஆறவில்லை. நாய் குரைத்தால் போதும், அறையில் கிடந்த உடைந்த சிமென்ட் குழாய்க்குள் போய்விடும். நான் பாலை வைத்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினால்தான் குடிக்கும்.

எங்கள் மேனேஜர் கெட்டவர் இல்லை. ஆனால் ஒரு நாள் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"நோடப்பா, இங்க பாரு, இது மாட்டுக் கொட்டில். பூனைக்கு எங்க ஜாகா இருக்கு? அந்த ரூமுக்கு அடுத்த வாரம் திங்கக்கிழமை நாய் வருது. அதுக்குள்ள யாராவது எடுத்துட்டுப் போனா சரி. இல்லேன்னா டாக்டர் ஒரு ஊசி போட்டு முடிச்சிடுவார். நாய்ங்க கிழிக்கிறதுக்கு அது பரவால்ல."

பத்து நாள் இருந்தது. தெரிந்தவர்களிடம் எல்லாம் கேட்டேன். மண்டி மொஹல்லாவில் அரிசிக் கடை வைத்திருக்கும் ஒருவர் எலித் தொல்லை என்று வந்தார். குட்டி குழாயை விட்டு வரவில்லை. குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "எலி பிடிக்கப் பூனை கேட்டா, எலியாட்டம் ஒளியறதைக் காட்டறியேய்யா!" குழந்தைக்கு விளையாடக் கேட்டு ஒரு அம்மா வந்தார். காலையும் காதையும் பார்த்துவிட்டு, குழந்தை பயந்துகொள்ளும் என்று போய்விட்டார். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை நான் உட்கார்ந்து கும்பிட்டேன். எனக்கு மந்திரம் தெரியாது. "மாதப்பா, புலி மேல் ஏறி வருகிறவன் நீ. இது உன் புலிக்குச் சொந்தக்காரக் குட்டி. இதற்கு ஒரு வீடு காட்டு" என்றேன். அவ்வளவுதான்.

மறுநாள் மத்தியானம், கொட்டிலில் நாய்களுக்குக் கஞ்சி காய்ச்சும் ராசம்மாக்காவைப் பார்க்க அவர் தம்பி பழனிச்சாமி வந்தார். ஹனூருக்கு அந்தப் பக்கம் மல்பெரித் தோட்டம் வைத்துப் பட்டுப்புழு வளர்க்கிறவர். ராசம்மாக்கா சொல்லித்தான் குட்டியைப் பார்த்தார். அது வழக்கம்போலக் குழாய்க்குள் போனது.

"எலி புடிக்கோணும்னு இல்லீங்க. புழு வீட்டுல பூனை வாசம் அடிச்சாப் போதும், எலி உள்ள வராது. இதக் கொண்டு போறனுங்க" என்றார்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. போகிற இடத்துக்குச் சுத்தமாகப் போகட்டும், தெள்ளுப்பூச்சி கூடப் போகக்கூடாது என்று நினைத்தேன். மாடுகளுக்குப் போடும் உண்ணிப் பொடியை எடுத்து, கூடையில் வைத்தே அதன் ரோமம் முழுக்கத் தேய்த்துவிட்டேன். கூடையின் வாயைத் துணியால் கட்டிப் பழனிச்சாமி கையில் கொடுத்தேன்.

பட்டுப்புழு வளர்க்கிறவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பூச்சியைக் கொல்லும் எந்தப் பொடியும் பட்டுப்புழுவையும் கொல்லும். பக்கத்துத் தோட்டத்தில் மருந்து அடித்து, காற்று இந்தப் பக்கம் திரும்பினாலே போதும், தட்டுத் தட்டாகச் சாகும். எனக்கு இது தெரியாததும் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்பு கொள்ளேகாலம் பக்கம் நாலு மாதம் மல்பெரித் தழை அறுத்தவன் நான்; பழனிச்சாமியிடமும் அதைச் சொல்லியிருந்தேன். பீடி குடித்த கையைக் கழுவாமல் புழு வீட்டுக்குள் விட மாட்டார்கள். அத்தனையும் தெரிந்தவன், மகிழ்ச்சியில் மறந்துவிட்டேன்.

அந்த ஊரில் போன் இல்லை. குட்டியும் அந்தப் பொடியை நக்கும், அதற்கும் ஆகாது. நான் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். பையை ஏன் எடுத்தேன் என்று உங்களுக்குத் தெரியும்.

பெங்களூர் பஸ் புறப்படத் தயாராக நின்றது. இரண்டு பஸ் தள்ளி மாதேஸ்வர மலை பஸ். ஹனூர் வழியாகப் போவது அதுதான். அதில் ஏறினால் பழனிச்சாமி முகத்தில் விழிக்க வேண்டும். பெங்களூர் பஸ்ஸின் படியில் ஒரு காலை வைத்துவிட்டேன். அப்போது மலை பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் "உகே மாதப்பா!" என்று ஒன்றாகக் குரல் கொடுத்தார்கள். வண்டி கிளம்பும்போது அப்படிப் போற்றிக் குரல் கொடுப்பது வழக்கம்தான். ஆனால் எனக்கு யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்த மாதிரி இருந்தது. "மாதப்பா, இந்த ஒரு தடவை என்னை ஓட விடாதே" என்று சொல்லிக்கொண்டே ஓடிப்போய் அதில் தொற்றினேன்.

மூன்று மணி நேரமும் அதே பிரார்த்தனைதான். அந்தப் புழுக்கள் பிழைக்க வேண்டும். அந்தக் குட்டி பிழைக்க வேண்டும். வேறு எதுவும் கேட்கவில்லை.

ஹனூரில் இறங்கி இரண்டு மைல் நடந்தும் ஓடியும் போனேன். பழனிச்சாமியின் மனைவி சரசு, தலையில் தழைக் கூடையோடு புழு வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"தழை போடாதீங்க!" என்று கத்தினேன்.

பழனிச்சாமி வெளியே வந்தார். எனக்கு மூச்சு வாங்கியது. பொடி போட்டதைச் சொன்னேன். அவர் முகம் மாறியதை இன்றும் மறக்கவில்லை.

"பொடி போட்ட பூனையவா என்ற கையில குடுத்து உட்டே? ஏய்யா, நீ தழை அறுத்தவன்தான?"

"தப்புதாங்க. பூனை எங்கீங்க?"

"ராத்திரி கூடையைத் தொறந்தோம். ஓடிப் போச்சு. அப்புறம் யாரு கண்டா?"

புழு வீட்டுக்குள் அது போயிருக்க முடியாது. புழு தோல் உரிக்கப் படுத்திருப்பதைக் காய்ச்சல் என்று அங்கே சொல்வார்கள். நாலாவது காய்ச்சல், கடைசி. சனிக்கிழமை காலையிலிருந்து கதவு சாத்தியிருந்தது. தழை கிடையாது, ஆள் நடமாட்டம் கிடையாது. அன்று மத்தியானம்தான் புழு எழுந்து முதல் தழைக்குக் காத்திருந்தது. ஆனால் அந்தத் தழை ராத்திரி முழுக்க வெளிக் கொட்டாயில் ஈரச் சாக்கு போர்த்திக் கிடந்தது. பயந்த பூனை படுக்க அதைவிட நல்ல இடம் உண்டா? அதில் படுத்து எழுந்திருந்தால், அந்தத் தழையே விஷம்.

சரசக்கா கூடையை இறக்கினார். என்னைத் திட்டவில்லை. ஐந்து புழுவை ஒரு முறத்தில் எடுத்துவந்து, அந்தத் தழையில் கொஞ்சம் கிள்ளிப் போட்டார். சந்தேகம் வந்தால் அப்படிப் பார்ப்பார்கள்.

"தலையத் தூக்கி ஆட்டி, பச்சையாக் கக்குச்சுன்னா போச்சு. உக்காரு" என்றார்.

மூன்று பேரும் முறத்தைச் சுற்றி உட்கார்ந்தோம். உள்ளே ஆயிரக்கணக்கான புழுக்கள் பசியோடு இருந்தன. ஒரு புழு தலையைத் தூக்கியது. அது தழையின் ஓரத்தைத் தேடிக் கண்டுபிடித்துக் கடித்தது. அவ்வளவுதான். மாதப்பா மாதப்பா என்று என் வாய் அசைந்துகொண்டே இருந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் பார்த்தோம். ஐந்தும் தின்றன. நரம்பை மட்டும் விட்டு வைத்தன.

சரசக்கா எழுந்து உள்ளே போய்த் தழை போட்டார். கொஞ்ச நேரத்தில் ஓட்டின் மேல் தூறல் விழுகிற மாதிரி சத்தம் கேட்டது. அத்தனை புழுவும் தின்கிற சத்தம். பழனிச்சாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஆனால் குட்டி இல்லை. விறகுக் கட்டு, மாட்டுத் தொழுவம், வைக்கோல் போர் எல்லாம் தேடினேன். "நரி கொண்டு போயிருக்கும்" என்றார் பழனிச்சாமி. நான் தொழுவத்தின் சுவரில் சாய்ந்துவிட்டேன்.

புழு எழுந்துவிட்டதால், சரசக்கா குளிக்க வெந்நீர் வைக்கப் போனார். காய்ச்சல் சமயத்தில் புகை ஆகாது என்று, புழு வீட்டுப் பக்கம் இருந்த அந்தத் தண்ணீர் அடுப்பை இரண்டு நாளாக அவர்கள் பற்ற வைக்கவில்லை. தென்னை ஓலையை அடுப்பு வாயில் செருகி, தீக்குச்சியைக் கிழித்தார். உள்ளே இருந்து ஒரு தும்மல்.

"யாருடா அது!" என்று சரசக்கா குச்சியைத் தூக்கி எறிந்தார்.

நான் படுத்துக் கையை விட்டேன். அடுப்பின் கடைசியில், ஆறின சாம்பலுக்குள் புதைந்து கிடந்தது அது. வெளியே எடுத்ததும் என் கையைக் கீறியது. உயிரோடு இருந்தது. சீயக்காய் போட்டு மூன்று முறை கழுவினேன். கீறல் மேல் சீயக்காய் எரிந்தது. அதைவிட நல்ல எரிச்சலை நான் அனுபவித்ததில்லை.

"நீயே திரும்பக் கொண்டு போயிரு சாமி. எங்களுக்கு வேண்டாம்" என்றார் பழனிச்சாமி.

அங்கே கொண்டுபோனால் மறுநாள் திங்கட்கிழமை, ஊசி. சரசக்காதான் புருஷனைப் பார்த்துப் பேசினார். "கண்ட எடத்துல மேயற பூனையா இருந்திருந்தா தழைக் குமிதான் அதுக்கு மெத்தை. நம்ம புழு இன்னைக்கு உசுரோட இருக்கறது, இது பயந்துட்டு ஒரே எடத்துல கெடந்ததாலதான். உங்களாட்டம் ஊரச் சுத்தலீல்ல. இங்கயே இருக்கட்டும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீயும் இரு. பொடி வாசம் போற வரைக்கும் நித்தமும் நீதான் கழுவோணும். புழு கூடு கட்டற வரைக்கும் தழையும் அறுக்கோணும். தப்புப் பண்ணுனவன் தப்பிச்சுப் போலாம்னு பாக்காத."

தப்புச் செய்துவிட்டு, செய்த இடத்திலேயே நான் தூங்கியது வாழ்க்கையில் அன்றுதான் முதல் தடவை. எட்டு நாள் இருந்தேன். புழு கூடு கட்டியது. அங்கிருந்து மாதேஸ்வர மலைக்கு நடந்தே போனேன். பிறகு மைசூருக்குத் திரும்பி, மேனேஜரிடம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். திட்டினார். சொல்லாமல் அத்தனை நாள் போயிருந்தும் வேலையை விட்டு நிறுத்தவில்லை. அந்தக் கொட்டிலிலேயே நான் பல வருஷம் இருந்தேன்.

எந்தப் பயத்துக்காக அதை வேண்டாம் என்றார்களோ, அந்தப் பயத்தை வைத்தே மாதப்பன் அந்தக் குட்டியையும் காத்தான், அந்தக் குடும்பத்தையும் காத்தான், ஓடிக்கொண்டே இருந்த என்னையும் பிடித்து உட்கார வைத்தான். உங்களுக்கும் ஒரு நாள் இரண்டு பஸ் நிற்கும். பயமாகத்தான் இருக்கும். எனக்கும் பயம் கடைசி வரைக்கும் போகவில்லை. பயத்தோடேயே அவன் பெயரைச் சொல்லி, போக வேண்டிய பஸ்ஸில் ஏறுங்கள். அவன் நமக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருப்பான்.

ஒவ்வொரு வருஷமும் மலைக்கு நடக்கும்போது பழனிச்சாமி வீட்டில் ஒரு வேளை சாப்பிடுவேன். பூனை என்னைப் பார்க்க ஒரு தடவையும் வெளியே வந்ததில்லை. அடுப்பு ஆறியிருந்தால் குனிந்து பார்ப்பேன். உள்ளே இரண்டு கண் தெரியும்.