இரண்டு இறக்கை

சிறுசேரியில் எங்கள் அலுவலக வாசல் சாமந்தித் தொட்டிக்கு மேல், மஞ்சள் கோடு போட்ட ஒரு பூச்சி அசையாமல் காற்றில் நின்றது. "ஐயோ, தேனீ!" என்று என்னோடு வேலை செய்யும் நித்யா பின்வாங்கினாள். எனக்கோ செய்யூரில் எங்கள் வேலி அவரைக்கொடியின் பச்சை வாசனை மூக்கில் ஏறியது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. கொடி நுனியெல்லாம் கறுப்பாக அசுவினிப் பேன் அப்பியிருக்கும். அம்மா சாம்பல் தூவுவாள். பேனுக்கு நடுவே நெளியும் பச்சைப் புழுக்களைக் கல்லில் வைத்து நசுக்குவாள்.

"நசுக்காதம்மா! அது இலைய துன்னல, பேனத்தான் துன்னுது."

"இன்னாடி பேஜாரு பண்ற? புழுன்னா புழுதான்."

எனக்குக் கோபம். ஒரு புழுவைப் பேன் பிடித்த காம்போடு ஊறுகாய் பாட்டிலில் போட்டுத் துணியால் கட்டினேன். பேன் மட்டும் தீர்ந்துபோகும்; தினமும் புதுக் காம்பு வைத்தேன். புழு கூட்டுப்புழு ஆயிற்று. ஒரு வாரத்தில் உள்ளே மஞ்சள் கோடு போட்ட பூச்சி!

"தொறக்காத, தேனீ கொட்டிடும்!" என்று அம்மா அலறினாள். நான் கையை விட்டுப் பிடித்தேன், கொட்டவில்லை.

"எண்ணும்மா. தேனீக்கு நாலு றெக்க. இதுக்கு ரெண்டுதான் கீது. இது ஈ."

அம்மா குனிந்து இரண்டு தடவை எண்ணினாள். பிறகு வேலிக்கு அப்பால் குரல் கொடுத்தாள்: "யக்கா, பச்சப் புழுவ நசுக்காத! எம் பொண்ணு கண்டுபுடிச்சிகீறா!"

இப்போது, சாமந்தியில் வந்து உட்கார்ந்த பூச்சியை உள்ளங்கையில் மூடினேன். நித்யா வீறிட்டாள்.

"கத்தாத," என்றேன். "கிட்ட வந்து எண்ணு."