பூஜையில் உட்கார்ந்த வேக்கம் மெஷின்

என் வீட்டுக்காரர் தங்கபாண்டிக்குத் தண்ணீரைக் கண்டால் ஆகாது. குடிப்பார், குளிப்பார், அதில் குறை சொல்ல முடியாது. தரையில் விழும் தண்ணீர்தான் அவருக்குப் பகை. நான் வாசலைக் கழுவிவிட்டால் போதும், வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓரமாகவே தாண்டித் தாண்டி உள்ளே வருவார்.

"எதுக்கு இம்புட்டுத் தண்ணி? ஒரு துணியை நனைச்சுப் பிழிஞ்சு தொடைச்சா காணாதா நாச்சியாரு?"

"உங்க படிப்பையெல்லாம் ஹோட்டலோட வச்சுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு நான் அடுத்த வாளியைக் கவிழ்ப்பேன். நான் திருவனந்தபுரத்தில் பிறந்து வளர்ந்தவள். வருஷத்தில் பாதி நாள் மழை பெய்கிற ஊரில் இருந்துகொண்டு தண்ணீருக்குப் பயப்பட என்னால் ஆகாது.

அவர் மீசை முளைக்கும் முன்னே சுரண்டையிலிருந்து இங்கே வந்தவர். பழவங்காடிப் பிள்ளையார் கோவில் பக்கத்தில் ஒரு பூஜைச் சாமான் கடையில், கற்பூரமும் விபூதியும் பொட்டலம் கட்டுவதுதான் முதல் வேலை. நூலைச் சுற்றி ஒரு இழுப்பு இழுத்தாரென்றால் அதை அவிழ்க்கக் கத்தி வேண்டும். அப்புறம் ஒரு ஹோட்டலில் துப்புரவு வேலைக்குப் போனார். அங்கே ஒரு கம்பெனிக்காரன் வந்து, பெரிய ஹால்களில் விரித்திருக்கும் கார்ப்பெட்டை அதிகம் நனைக்காமல் சுத்தம் செய்யும் புது முறையைக் காட்டிக்கொடுத்தான். அன்று பிடித்தது பைத்தியம். தனியாகத் தொழில் ஆரம்பித்துவிட்டார்.

அந்த முறையை அவர் யாருக்கு விளக்கினாலும் பொட்டலத்தில்தான் ஆரம்பிப்பார். "அழுக்கைக் கழுவப்பிடாது, பொட்டலம் கட்டணும்" என்பார். ஒரு மருந்துத் தண்ணீர் இருக்கிறது. அதைக் கார்ப்பெட் மேல் பனி பெய்த மாதிரி லேசாகத் தெளிக்க வேண்டும். எதிரெதிராகச் சுற்றும் இரண்டு உருளை பிரஷ் உள்ள மெஷினை அதன் மேல் ஓட்ட வேண்டும். மருந்து நூலிழைக்குள் இறங்கி அழுக்கைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, காய்ந்ததும் சீனி மாதிரி பொடிப்பொடியாக உதிரும். பிறகு வேக்கம் மெஷினால் பொடியை உறிஞ்சி எடுத்தால் வேலை முடிந்தது. காலையில் தேய்த்தால் மதியம் மேலே நடக்கலாம். அந்த மருந்து டப்பாவின் லேபிளை மட்டும் வாங்கிய அன்றே சுரண்டி எடுத்துவிடுவார். எந்த மருந்து, எந்த அளவு என்று கூடப் படுக்கிற எனக்கே தெரியாது. அப்படி ஒரு கள்ளம்.

இந்த ஊரில் அவருக்கு ஒரு எதிரியும் உண்டு. மார்த்தாண்டத்துக்காரி ராஜபாய். அவளுக்கும் கார்ப்பெட் தொழில்தான், ஆனால் பழைய முறை. சுடுதண்ணீரைப் பாய்ச்சிக் கழுவி, மெஷினால் திரும்ப உறிஞ்சி எடுப்பாள். போன மழைக்காலத்தில் தம்பானூர்ப் பக்கம் ஒரு ஹோட்டலின் பெரிய ஹாலைக் கழுவினாள். வானம் மூடிக் கிடந்தது, கார்ப்பெட் காயவில்லை, ஹால் முழுக்க நனைந்த நாயின் வாடை. இது என் வீட்டுக்காரர் காதுக்கு எட்டியது. மனுஷர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாரா? சாலைக் கடைத்தெருவில் நின்றுகொண்டு, "ராஜபாய் கழுவுன கார்ப்பெட்டுல கெண்டை மீன் வளக்கலாம்" என்றார். கடைத்தெரு முழுக்கச் சிரித்தது. அவள் காதுக்குப் போகாமல் இருக்குமா?

அந்த ஹோட்டலில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர் ஷிஜா. விதுராவிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகும் பெண். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. விஜயதசமிக்குப் பிள்ளைகளுக்கு எழுத்தினிருத்து நடத்த, அதாவது அரிசியில் முதல் எழுத்து எழுதிக் கொடுக்க, அந்த ஹாலை இந்த வருஷம் முதல்முறையாகக் கொடுப்பது என்று மேனேஜர் ஷிபு முடிவு செய்திருந்தார். தரையில் உட்கார்ந்து நடக்கும் காரியம். கார்ப்பெட் நன்றாக இருந்தால் ஷிஜாவுக்கு வேலை நிரந்தரம், இல்லையென்றால் வேறு ஆள் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாராம். ஷிபுவுக்குப் பழகின ஆளாயிற்றே, ராஜபாயையே கூப்பிடலாம் என்று எண்ணம். ஷிஜாதான் சண்டை போட்டு என் வீட்டுக்காரருக்கு வேலையை வாங்கிக் கொடுத்தாள்.

அஷ்டமியன்று காலையில் போய்த் தேய்த்தார். மதியத்துக்குள் கார்ப்பெட் காய்ந்தது. அன்றைக்கே உறிஞ்சி எடுத்திருக்கலாம். ஆனால் ஒரு ராத்திரி நன்றாக இறுகினால் பொடி சுத்தமாக உதிரும் என்று அவருக்கு ஒரு சித்தாந்தம். மெஷின்களை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் நான் பூஜை வைத்தேன். சரஸ்வதி படத்துக்கு முன்னால் பிள்ளைகளின் புத்தகம், என் கத்தரிக்கோல், அவருடைய பிரஷ் மெஷின், வேக்கம் மெஷின் எல்லாவற்றையும் வரிசையாக வைத்து, சந்தனம் தொட்டு, வேக்கத்தின் குழாய்க் கழுத்தில் ஒரு பிச்சிப்பூ மாலையும் போட்டேன். அது போன பொங்கலுக்கு வாங்கிய மெஷின், அதற்கு இதுதான் முதல் பூஜை. கேட்காமல் வைத்தேனா? "வேக்கத்தையும் வைக்கட்டா?" என்று கேட்டேன். போனில் பேசிக்கொண்டே "ம்" என்றார்.

நவமி காலையில் ஷிஜாவின் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"சேட்டா, எப்ப வரும்? ஹால்ல நடந்தா மேல முழுக்க பொடி கேட்டோ. என்டெ கறுத்த ஷூ வெள்ளையாயி."

"இந்தா கெளம்பிட்டேன்மா" என்று சொல்லிக்கொண்டே வந்து வேக்கத்தின் மேல் கையை வைக்கப் போனார். நான் குறுக்கே பாய்ந்தேன்.

"ஐயையோ! பூஜையில இருக்கு. நாளைக்குக் காலைல பூஜை எடுத்த பெறகுதான் தொடணும்."

"நவமி சாயங்காலம்தானடி ஆயுத பூஜை? எங்க ஊர்ல அப்படித்தானே!"

"உங்க ஊர்ல. இங்க அஷ்டமி சாயங்காலமே வச்சாச்சு. இத்தன வருஷம் இங்க இருந்துட்டு இதுகூடத் தெரியாதா?"

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முந்தைய வருஷங்களில் நான் பூஜையில் வைத்தது அவருடைய பழைய பிரஷ்ஷைத்தான். அது நவமியில் இருந்தால் என்ன, தசமியில் இருந்தால் என்ன, யார் கவனித்தார்கள்? இந்தத் தடவை என் பேச்சை மீறி எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். கையை நீட்டினார், சந்தனத்தைப் பார்த்தார், கையை இழுத்துக்கொண்டார். அவருக்கு என்னைவிட சாமி பயம் அதிகம்.

ஹோட்டல் வேக்கத்தைக் கேட்டுப் பார்த்தார். "அதும் பூஜைல சேட்டா, லிஃப்ட்டுக்கு வரை மால இட்டிருக்கு" என்றாள் ஷிஜா. கடை எல்லாம் அடைப்பு. தெரிந்தவர்கள் வீட்டு மெஷின் எல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு சாமி முன்னால் உட்கார்ந்திருக்கிறது. விடிந்தால் சின்னப் பிள்ளைகள் வெள்ளை முண்டு கட்டிக்கொண்டு அந்தப் பொடியில் உட்காரும், உருளும், கையை வாயில் வைக்கும். போனில் ஷிஜா அழ ஆரம்பித்துவிட்டாள். "என்டெ ஜோலி போயி சேட்டா" என்று, வேலை போச்சே என்று, அவள் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

"பூஜை வைக்காத வீடு ஒண்ணு இருக்கே."

"யாரு?"

"வேதக்கார வீடு, கிறிஸ்தவங்க. ராஜபாய்."

என்னை அவர் பார்த்த பார்வையை என்ன சொல்ல! சட்டையை மாட்டினார், கழற்றினார், மறுபடியும் மாட்டினார். நானும் கூடப் போனேன். விட்டால் பாதி வழியில் திரும்பிவிடுவார்.

ராஜபாய் வீட்டு வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைக்கவில்லை. அவர் விஷயத்தைச் சொல்லி, அவளுடைய வேக்கத்தோடு வரும்படி கேட்டார். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னாள்.

"சாலைத் தெருவுல எனக்கக் காரியம் என்னமோ சொன்னீராமே. அத இப்ப எனக்க மூஞ்சியப் பாத்துச் சொல்லும்."

மனுஷர் நெளிந்தார். நான் முழங்கையால் ஒரு இடி இடித்தேன்.

"நீங்க கழுவுன கார்ப்பெட்டுல… கெண்டை மீன் வளக்கலாம்னு."

ராஜபாய் சட்டியில் கிடந்த மீனைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அப்புறம் வந்தது பாருங்கள் ஒரு சிரிப்பு! வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இது சாளை ஓய், கெண்டை இல்ல" என்றாள். சிரித்து முடித்ததும் முகம் மாறிவிட்டது. "அண்ணைக்கு வீட்டுக்கு வந்து நான் சோறு தின்னேல்ல, தெரியுமா? உமக்காக வரேல்ல. அந்தப் பிள்ளைக்கு வேல போவப்பிடாது" என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவினாள்.

ஹாலில் அவரை மெஷினைத் தொட நான் விடவில்லை. பூஜை நாளில் எதிரியின் கருவியும் கருவிதானே! அவர் சுவர் ஓரமாக நின்று, "அக்கா, அந்த மூலை… இன்னொரு தடவ" என்று கையை மட்டும் காட்டிக்கொண்டிருந்தார். "வாய மூடும் ஓய்" என்று சொல்லிக்கொண்டே அவள் குறுக்கும் நெடுக்கும் ஓட்டினாள். ஷிஜா பின்னாலேயே வெறுங்காலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

முடித்ததும் ராஜபாய் மெஷினைத் திறந்து பையைத் தட்டினாள். காகிதத்தில் சாம்பல் நிறத்தில் பொடி குவிந்தது. ஒரு பிடி எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தாள். ஈரமே இல்லை.

"இவ்வளவும் நான் கழுவுன கார்ப்பெட்டுல இருந்ததா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

இந்த மனுஷர் இப்போது ஏதாவது உளறிக்கொட்டப் போகிறார் என்று அவர் கையைக் கிள்ளத் தயாராக இருந்தேன்.

"அது நீங்க கழுவின பெறகு வந்த அழுக்கு அக்கா" என்றார் அவர். "எத்தன கல்யாணம் நடந்திருக்கு இங்க."

பொய். சுத்தப் பொய். அந்தப் பொய்க்காக அவரை எனக்கு மிகவும் பிடித்தது. ராஜபாய்க்கும் பொய் என்று தெரியும். பொடியைக் காகிதத்தோடு மடித்தாள்.

விஜயதசமி காலையில் நான் பூஜை எடுத்து, படத்தின் முன்னால் தட்டில் அரிசியைப் பரப்பினேன். என் வீட்டுக்காரர் போனையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஹோட்டலில் எழுத்தினிருத்து முடிகிற நேரம். வாசலில் செருப்புச் சத்தம். ராஜபாய் தோளில் ஒரு தூக்குச்சட்டிப் பை, ஒரு கையில் வெற்றிலை பாக்கு, மறு கையில் காலி டப்பா ஒன்றோடு நின்றாள்.

"இண்ணைக்கு எது படிச்சாலும் மறக்காதுன்னு சொல்லுவாங்கல்லியா? அந்தப் பொட்டலம் கெட்டுற வித்தைய எனக்கும் சொல்லும் ஓய்."

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! கட்டிலுக்கு அடியில் இருந்த லேபிள் இல்லாத டப்பாவை நோக்கி அவர் கால் தானாகவே நீண்டு, அதை உள்ளே தள்ளியது. அந்த நேரத்தில் போன் அடித்தது. ஷிஜா. பிள்ளைகள் போனதும் ஷிபு தன் வெள்ளை முண்டின் ஓரத்தைக் கார்ப்பெட்டில் அழுத்தித் தேய்த்துப் பார்த்தாராம். ஒரு கறைகூட இல்லையாம். "ஜோலி ஸ்திரமாயி சேட்டா!" என்று, வேலை நிரந்தரமாகிவிட்டதென்று கத்தினாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் பெருமை அடிக்கக் கிடைத்த நேரத்தை விட்டு நான் பார்த்ததில்லை. அன்று விட்டார். "இத அக்காட்ட சொல்லும்மா" என்று போனை ராஜபாய் கையில் கொடுத்தார். அவள் கேட்டாள், மூக்கை உறிஞ்சினாள், "நல்லா இரி மக்களே" என்று சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

அவர் அரிசித் தட்டை அவள் முன்னால் நகர்த்தி வைத்தார். "விரல நீட்டுங்க அக்கா." எதிரியின் விரலைப் பிடிக்க அவருக்கு வெட்கம், அதனால் நான் பிடித்தேன். அவர் மருந்தின் பேரையும் கலக்கும் அளவையும் மெல்லச் சொல்லச் சொல்ல, ராஜபாயின் விரலால் அரிசியில் எழுதினேன். எனக்கும் அன்றைக்குத்தான் தெரியவந்தது.

வேறு யாரும் வந்து படித்துவிடுவார்களோ என்று அவர் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அரிசியை அள்ளிக் களைந்து உலையில் போட்டேன். மதியம் மூன்று பேரும் உட்கார்ந்து, ராஜபாய் தூக்குச்சட்டியில் கொண்டுவந்த சாளைக் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டோம்.