சந்தனப் பொட்டும் சுரண்டைக் கல்யாணமும்

என் தங்கை கல்யாணத்தில் பொண்ணும் மாப்பிள்ளையும் எங்கள் காரில்தான் ஊர்வலம் போவார்கள் என்று சுரண்டை முழுக்கச் சொல்லி வைத்தவள் நான். கேட்டவர்களிடமும் சொன்னேன், கேட்காதவர்களிடமும் சொன்னேன். மாப்பிள்ளை வீட்டார் அதை நம்பி, பேசி வைத்திருந்த வில்வண்டியை வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கையில் கார் மக்கர் பண்ணியது.

ஓடும், திரும்பாது. குற்றாலத்துக்குச் சீசனுக்கு வருகிறவர்களை ஏற்றி இறக்கித்தான் எங்கள் பிழைப்பு. கைமாறிக் கைமாறி எங்களிடம் வந்த பழைய கார். ஆனி, ஆடி முழுக்கச் சாரலில் நனைந்து நின்றதில், முன்சக்கரம் திரும்புகிற இடம் துருப்பிடித்து இறுகிவிட்டது. எங்கள் ஊர் தென்காசியில் ஒரு தெருமுனை திரும்புவதற்குள் என் வீட்டுக்காரருக்கு வேர்த்து ஊற்றியது.

அச்சின் நுனியில் நெட்டுக்குத்தாக ஒரு இரும்புத் தண்டு இருக்கிறது, அதற்குக் கிங் பின் என்று பேர், அதைச் சுற்றித்தான் சக்கரம் திரும்புகிறது, அதைக் கழற்றித் துருவைச் சுரண்டி கிரீஸ் வைத்தால் தீர்ந்தது என்று எனக்கு விளக்கினார். விளக்கம் பிரமாதம். கிங் பின்தான் கழன்று வரவில்லை. திருநெல்வேலி மெக்கானிக் அடுத்த வாரம்தான் வருவாராம். கடைசியில் பக்கத்துத் தெருவில் வண்டிப் பட்டறை வைத்திருந்த ஆசாரியைக் கூட்டி வந்தார்.

ஆசாரி குனிந்து அச்சை நன்றாகப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இதுக்குக் கடையாணி கிடையாதா? வண்டின்னா கடையாணிய உருவாமச் சக்கரம் வராதுல்லா."

"இது என்ன மாட்டு வண்டியா? காரு வே. கீழ இருந்து அடிச்சா மேல வரும். அடியும்."

அடித்தார்கள். மண்ணெண்ணெயில் ஊறவைத்து அடித்தார்கள். கரி நெருப்பில் சூடுகாட்டி அடித்தார்கள். பின்னின் அடிமுனை காளான் மாதிரி விரிந்ததே தவிர, ஒரு நூல்கூட நகரவில்லை. சுத்தியலுக்குச் சமமாக என் வாயும் ஓடியது. ஒரு இரும்பைக் கழற்றத் துப்பில்லாதவருக்குக் கார் எதற்கு என்று கேட்டேன். அவர் பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருந்தார். அதற்கும் சேர்த்துத் திட்டினேன்.

மறுநாள் மத்தியானம் இருவருக்கும் மோர் கொண்டு போனபோதுதான் அச்சின் நுனியில் அந்த உருண்டையைப் பார்த்தேன். மண்ணும் கிரீஸும் ஏறிக் கறுத்திருந்தது.

அது நான் வைத்த பொட்டு. கார் வந்த முதல் ஆயுத பூஜையன்று, அந்த இடத்தில் மூக்கு மாதிரி ஒரு சின்ன நட்டு துருத்திக்கொண்டிருந்தது. அழகாக இருக்கிறதே என்று அதன்மேல் சந்தனத்தைக் குழைத்து அப்பிக் குங்குமம் வைத்தேன். வருஷா வருஷம் அதே இடத்தில் அப்பினேன். காரைக் கழுவும்போதெல்லாம், சாமி பொட்டு என்று அவர் அதை மட்டும் தொடாமல் சுற்றிக் கழுவுவார். உள்ளே நட்டு இருப்பதே எல்லாருக்கும் மறந்துபோயிற்று.

உடனே சொல்லியிருக்க வேண்டும். நேற்றிலிருந்து பேசின பேச்சுக்கு எந்த முகத்தோடு சொல்வது? மோர்ச் செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

மூன்று மணிவாக்கில் அவர் கை கழுவிக்கொண்டு வந்தார்.

"ஏட்டி, நான் ரயில்ல பாதி தூரம் போயி, மிச்சத்த நடந்தாவது சுரண்டைக்குப் போயி வில்வண்டிக்குச் சொல்லிட்டு வாரேன். என்னாலதான் முடியலன்னு சொல்லுதேன். உன்ன யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாவ."

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. கரண்டியை எடுத்துக்கொண்டு போய்க் காம்பால் அந்த உருண்டையைச் சுரண்டினேன். ஆறு வருஷத்துச் சந்தனம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. நட்டு வெளியே வந்தது. அதைக் கழற்றினால், கிங் பின்னைக் குறுக்கே பூட்டியிருந்த சின்ன ஆணி.

"இந்தா இருக்குல்லா கடையாணி" என்றார் ஆசாரி. சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பாமல் சுத்தியலை எடுத்தார், நல்ல மனுஷர்.

ஆணியைத் தட்டி எடுத்து, விரிந்த முனையை அரத்தால் தேய்த்துவிட்டு நாலு அடி அடித்ததும் கிங் பின் வந்துவிட்டது. அடுத்த பக்கமும் அதே பொட்டு, அதே நட்டு. பொழுது சாய்வதற்குள் எல்லாம் மாட்டியாயிற்று. என் வீட்டுக்காரர் என்னைத் திட்டுவார் என்று நின்றுகொண்டே இருந்தேன். "சோறு இருக்கா?" என்றுதான் கேட்டார்.

விடியற்காலையில் சுரண்டை போய்ச் சேர்ந்தோம். முந்தின நாளே ஏன் வரவில்லை என்று அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"துருதான் அத்தே. கழட்டுற எடம் என் கண்ணுல படல" என்றார் அவர்.

தங்கையும் மாப்பிள்ளையும் எங்கள் காரில்தான் ஊரைச் சுற்றி வந்தார்கள். காரைப் பற்றி ஊர் முழுக்க அளந்த வாய் அன்று அம்மாவிடம் நிஜத்தைச் சொல்லவில்லை. இப்போதுதான் சொல்கிறேன்.